ஷூவின் அடியில் கோலமாவு

அன்று நீ "வரியா?" என்று கேட்டபோது நான் "வரேன்" என்று சொல்லவில்லை. "எனக்கு இருபத்தொண்ணே போதும், நீ போ" என்றேன். அரை மாரத்தான் முடிந்த திடலில் ஆளுக்கொரு தொன்னையில் பொங்கலோடு உட்கார்ந்திருந்தோம். எனக்கு வெகுநேரம் முன்பே ஓடி முடித்திருந்த நீ, உன் தொன்னையைக் காலி செய்துவிட்டு என்னுடையதில் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தாய். அடுத்த வருஷம் முழுசு, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றாய். எனக்கும் அது வேண்டும், உன்னைவிட அதிகமாகவே வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை.

இன்று காலை செருப்பு அலமாரியைத் துடைக்கும்போது உன் ஷூ கையில் வந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு லால்குடிக்குப் போன அன்று உன் வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்தது. எனக்கு ஒரு சைஸ் பெரியது. உனக்கும் பெரியதுதான். உன் தம்பி போட்டுக் கழித்த ஷூ என்பதால் இரண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஓடுவாய். திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்த பள்ளங்களிலெல்லாம் கோலமாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

ஓட்டம் முதலில் என்னுடையது. விடிவதற்குள் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி நான்கையும் சுற்றிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் நுழைந்துவிடுவேன். அம்மாவுக்கே வெகுநாள் தெரியாது. மேல்வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நீதான் கண்டுபிடித்தாய். "நானும் வரேன்டி, கல்யாணமானதுலேருந்து வெயிட்டு போட்டுருச்சு" என்று மறுநாளே வாசலில் நின்றாய். முதல் வாரம் கீழச் சித்திரை வீதி முனையிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த வாரம் நான் உன்மேல் மிகவும் அன்பாக இருந்தேன்.

அதற்குப் பிறகு உன் முதுகைத்தான் பார்த்தேன்.

ஓடுவதைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். எப்போது வாழைப்பழம் சாப்பிட வேண்டும், பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தரையைத் தொட வேண்டும் என்றெல்லாம் தெரியும். நீ முந்தின நாள் இட்லியைத் தயிரில் தோய்த்துத் தின்றுவிட்டு வருவாய். நான் மூச்சை எண்ணிக்கொண்டு ஓடுவேன். நீ பூக்காரம்மாவின் மருமகள் சண்டையை விசாரித்துக்கொண்டே ஓடுவாய்.

"உனக்கு மூச்சே வாங்காதா?"

"வாங்கும். பேசிட்டிருந்தா மறந்துரும்."

"இப்படி ஓட எங்க கத்துக்கிட்ட?"

"கத்துக்கிட்டாங்களாம். ஸ்கூலுக்குப் போற ட்ரெயினை விட்டா எங்கப்பா முதுகுல டின்னு கட்டிருவாரு. வரப்புல ஓடிப் பாரு, தெரியும்."

நான் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள். லால்குடியில் நீ தவறவிடாத அந்த ரயிலின்மீதுகூட எனக்குப் பொறாமை வந்தது.

எல்லாவற்றையும்விடக் கோலங்கள்தான் என்னை எரிச்சல்படுத்தின. விடியற்காலையில் வாசலெங்கும் ஈரமாக இருக்கும். மார்கழியில் வீதியின் பாதிவரை கோலம் நீளும். நான் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போவேன். நீ வேகம் குறையாமல் தாண்டிவிடுவாய், ஒரு புள்ளிகூடக் கலையாது. கோலம் போடும் பெண்கள் நிமிர்ந்து உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தால் மாவுக் கிண்ணத்தை நகர்த்திக்கொள்வார்கள்.

அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். கோயில் வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் இங்கே எல்லோரும் சுற்றுவார்கள். சர்க்கரைக்காக நடப்பவர்கள்கூட அப்படித்தான். ஒருநாள் நான் எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கினேன். அப்படி ஓடினால் நீ முந்துவது தெரியாது. நீ எதிரே வருவாய், முகம் தெரியும், போய்விடுவாய். வடக்குச் சித்திரை வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமி நிறுத்திவிட்டார்.

"ஏண்டீ கொழந்தே, ஊரே ஒரு பக்கம் போறது. நீ மட்டும் அப்பிரதட்சிணமா ஓடறியே, பெருமாள் உன்னை என்ன பண்ணினார்?"

அந்த நேரம் பார்த்து நீ எதிரே வந்து சேர்ந்தாய். "அவளுக்கு என் முதுகைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சாம் மாமி."

மாமி சிரித்தார். நீ அதற்குள் கடந்து போய்விட்டாய். நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று அந்தச் சுற்று முழுவதும் யோசித்தேன்.

சுற்றுகள் கூடின. பிறகு காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிப் பக்கம் போய்வந்தோம். பத்து கிலோமீட்டர் போட்டி ஒன்று, அப்புறம் அந்த அரை மாரத்தான். கரூர் சாலையில் போய்ப் பாதியில் திரும்பி வர வேண்டும். முன்னால் போனவர்கள் எதிரே வருவார்கள். என் தந்திரத்தையே போட்டியாக வைத்துவிட்டதுபோல இருந்தது. நீ தூரத்தில் வரும்போதே கையை நீட்டிக்கொண்டு வந்தாய். என் உள்ளங்கையில் அறைந்து, "திரும்புற எடம் பக்கத்துலதான்டி, வா" என்றாய். பக்கம் இல்லை. வெகுதூரம் இருந்தது. உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே நிற்காமல் ஓடிவிட்டேன்.

ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவிலிருந்து "ஞாயித்துக்கெழம ஓட வந்துருவேன், நீ பாட்டுக்கு முன்னாடி போயிராத" என்றாய். திரும்பி வரவில்லை.

ஷூவைக் கொடுத்தபோது உன் வீட்டுக்காரர் சொன்னார். "அவளுக்கு உங்க மேல பொறாமைங்க. ஒருத்தர்கிட்டயும் பேசாம, துணையில்லாம எப்படித்தான் அவ்வளவு தூரம் ஓடுறாளோ, எனக்கு வராதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றியதும் அவர்மீது பொறாமை வந்தது. அதை உன் வாயால் கேட்டவர் அவர்.

இன்று இந்தக் கோலமாவைப் பார்க்கும்வரை, நீ ஒரு கோலத்தையும் மிதித்ததில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். எத்தனை வாசல்களின் மாவு இது. உன் பின்னால் ஓடியபோதெல்லாம் உன் முதுகைப் பார்த்த நான், காலைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்கள் பார்த்திருப்பார்கள். பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

போன மாதம் முழு மாரத்தான் நடந்தது. பேர் கொடுத்திருந்தேன். அதே கரூர் சாலை, வலப்பக்கம் காவிரி. ஜீயபுரமும் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே திரும்பும் இடம். அதுவரை நான் ஓடியிருந்தது, அரை மாரத்தானில் நீ ஓடிய மொத்தத் தூரம். அதற்கு மேல் நீ ஓடியதில்லை. இன்னும் ஓர் அடி வைத்தால் உன்னை முந்திவிடுவேன். நான் நின்றேன்.

தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண், "நிக்காதீங்க மேடம், கால் புடிச்சுக்கும்" என்றாள்.

திரும்பினேன். இம்முறை எனக்குப் பின்னால் வந்தவர்கள் எதிரே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். வெகுதூரம் வந்த பிறகு, துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்த ஒரு பெண் நடப்பதா ஓடுவதா என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன். "திரும்புற எடம் பக்கத்துலதான், வாங்க" என்றேன்.

நான் ஓடி முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. பொங்கல் தீர்ந்துபோயிருந்தது.