புதுச் சுண்ணாம்பு அடித்த வீடு

சேசு மரி சூசை துணை

சுண்ணாம்புக் கம்பம்,
சிங்கப்பூர்,
1908 பெப்ருவரி.

என் அன்பு மகள் பிரிஜித்தாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், வீடு சுகம், மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சுகம், பினாங்கில் நீயும் எட்மண்ட் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்தைப் பார்த்து இது யார் என்று திகைக்காதே, நானேதான். இத்தனை வருஷமாக நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத, கீழே பெருவிரலை அழுத்தி அனுப்பினேன். இப்போது மேல்வீட்டில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர் பேரின்பநாயகம் எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். மாதம் பிறந்து நான் படியேறிப் போனால், ஐயா வாடகைக்கு வந்தனீங்களோ பாடத்துக்கு வந்தனீங்களோ, ரெண்டுக்கும் சேர்த்து ஒரு தேத்தண்ணிதான் தருவன் என்று கேலி செய்கிறார். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும். உன் பெயரை முதன்முதலாக என் கையால் எழுதிய அன்று அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழ்வீட்டு ருக்கையாவிடம் காட்டினேன். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் ரொம்ப அழகா இருக்கு முதலாளி, எங்க பிரிஜித்தா மாதிரியே இருக்கு என்றாள்.

உன் கடிதத்தையும் நானே வாசித்தேன். கால்வாய் ஓரத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வீடு விலைக்கு வருகிறது, அம்மாவின் வளையல்களை விற்று முன்பணம் கொடுக்கப் போகிறோம், வாடகை வந்தால் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்தான். ஆனால் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்து முத்துப் போல இருக்கிறது என்று ஒரு வரி எழுதினாயே, அதை வாசித்ததும் உடனே காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ முன்பணம் கொடுப்பதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுத்துப்பிழை பாராமல் எழுதி அடுத்த கப்பலிலேயே அனுப்புகிறேன்.

இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது நீ கைக்குழந்தை. அப்போது இங்கே டிராம் வண்டி ஏது, இருந்ததெல்லாம் மாட்டுக் கொட்டிலும் சுண்ணாம்புச் சூளையும்தான், காற்றடித்தால் தலைமுடி எல்லாருக்கும் ஒரே நிறம், உன் அம்மா அந்தோனியம்மாள் என்னைக் கிழவா என்று கூப்பிட்டுச் சிரிப்பாள். வீடு பார்க்கப் போனேன், நல்ல வெயில் காலம், வீட்டோரக் கால்வாயில் தண்ணீர் அடியில் கிடந்தது. சுவரைத் தடவினால் கை வழுக்கியது, வெளுப்பைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது அது நான் வேலை செய்த சூளையின் சுண்ணாம்பு என்று. நான் அனலில் வெந்து சுட்ட சுண்ணாம்பு ஒரு வீட்டுச் சுவரில் இப்படி மின்னுகிறதே என்ற பெருமையில் கூரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை, அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன். குடிவந்த வருஷம் மார்கழிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம், ஒரு பக்கம் மழை கொட்டியது, மறுபக்கம் கடல் ஏறிக் கால்வாய் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மா உன்னைத் தூக்கி மேசைமேல் படுக்க வைத்தாள், என் செருப்பு மிதந்து வாசலைத் தாண்டிப் போனது, பக்கத்துக் கொட்டில் எருமைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் புதுச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பழைய சேற்றுக் கோடு தெரிந்தது. நாம் வாங்குவதற்கு முன்பிருந்தே பின்கட்டில் குடியிருந்து இடியப்பம் விற்ற ருக்கையாவிடம், தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். என்னை எங்க கேட்டீங்க முதலாளி, சொவத்தையில்ல தடவித் தடவிக் கேட்டீங்க என்றாள்.

திரும்ப வெள்ளையடித்து வெயில் காலத்தில் விற்றுத் தலைமுழுகு என்று எல்லாரும் சொன்னார்கள். உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருத்தி கைக்குழந்தையோட வந்து மேசைமேல ஏறணுமாக்கும் என்று ஒரே பிடியாக நின்றாள். தரையை உயர்த்தினோம், வாசலில் பலகை அடைப்புப் போட்டோம், மேல்வீட்டையும் வாடகைக்கு விட்டோம். மாதம் பிறந்தால் அவள் கூடையில் சுத்தியலும் ஆணியும் போட்டுக்கொண்டுதான் வாடகைக்குப் போவாள், போனதும் என்ன உடைஞ்சிருக்கு என்று கேட்பாள், அதை அடித்துச் சரிசெய்த பிறகுதான் வாடகைப் பேச்சு. அந்தச் சுத்தியல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முன்கதவுக்குப் பின்னால் சேற்றுக் கோட்டின்மேல் மட்டும் சுண்ணாம்பு பூசவிடமாட்டாள், வீடு கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவாள். பார்த்துவிட்டும் சரி என்றவர்கள் எளிதில் காலி செய்து போனதே இல்லை.

ஆகையால் மகளே, பௌர்ணமிக்குக் கடல் ஏறும் நேரம் பார்த்து மாப்பிள்ளையோடு அந்த வீட்டுக்குப் போ. மழை பெய்தால் இன்னும் நல்லது, ஓடு ஒழுகுவதும் தெரிந்துவிடும். விற்கிறவரை விட்டுவிட்டு, அங்கே குடியிருக்கிற பெண்களிடம் அடுப்பை எத்தனை உயரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேள். கதவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் நகத்தால் சுவரைச் சுரண்டு. கோடு இருந்தாலும் அழாதே, தரை உயர்த்தும் செலவைக் கழித்து விலை கேள், இறங்கி வராவிட்டால் திரும்பி வந்துவிடு.

மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், லூர்து மாதா உங்கள் நால்வரையும் காப்பாற்றுவாள். மறக்காமல் ஒன்று செய். சுரண்டிய சுண்ணாம்பில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கடிதத்தோடு அனுப்பு. கடல் வந்துபோன சுவர் உப்புக் கரிக்கும், நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவேன். எழுத்துக்கு முன்னால் எனக்கு வாசிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். என் பதில் வரும்வரை அம்மாவின் வளையல் உன் கையிலேயே கிடக்கட்டும்.

இப்படிக்கு, இனிமேல் விரல் அழுத்தாத உன் அப்பா,
ச. மரியசூசை