யார் என்று கேட்காத அரை மணி நேரம்

அன்புள்ள குருவிக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. போன வாரம் உன் அக்காவிடம் பேசினேன். வேறு வேலைக்கு மனு போடு என்றாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாயாம். என் போனை மட்டுமல்ல, யார் போனையும் எடுப்பதில்லையாம். அதனால்தான் இந்தக் கடிதம். என் கோழிக் கிறுக்கலைப் படிக்க நீ கொஞ்சம் திணறுவாய். அந்த நேரமாவது வேறு எதையும் நினைக்காமல் இருப்பாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா நன்றாக இருக்கிறார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாறிப்போய், சிகிச்சை தள்ளிப்போனதே, அவரேதான். மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டு, முகத்தில் களை வந்துவிட்டது. நேற்று மறுபரிசோதனைக்கு வந்தவர் என் கையில் ஊசியைப் பார்த்ததும், "அந்த ஒல்லிப் பொண்ணு எங்கம்மா? அவ குத்துனா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதே" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இல்லாத நோயை இருப்பதாகக் கேட்டுக் கலங்கிப்போனாரே, இன்னொருவர், அவருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இனி நடந்ததைக் கேள். நீ ஆய்வகத்தை விட்டுப் போன பிறகு அதே தப்பு மறுபடியும் நடந்தது. இந்த முறை நம் சீனியர் கையில். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, எதையும் இரண்டு தடவை பார்ப்பாரே, அவர் கையில்! நல்லவேளை, ரிப்போர்ட் வெளியே போகுமுன் பிடித்துவிட்டோம். உடனே ஆளாளுக்கு, மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று பேச ஆரம்பித்தார்கள். சீனியர் எழுந்து நின்றார். "நான் பண்ணா மெஷின் தப்பு, அவ பண்ணா அவ தப்பா?" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

ஆய்வகத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் மேடம் அப்போது அங்கே இருந்தார். இதற்கு முன் கல்லூரியில் பாடம் எடுத்தவர். அன்று மாலையே எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். முதல் அரை மணி நேரம் 'யார்' என்ற சொல்லே வரக் கூடாது, 'எப்படி' என்று மட்டும்தான் கேட்க வேண்டும் என்றார். மாணவர்களுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பாராம். நமக்கோ அந்தச் சொல் இல்லாமல் பேச்சே வரவில்லை. வரவேற்பில் இருக்கும் நம் வாயாடி நாலு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, தோன்றுவதை ஆளுக்கொரு சீட்டில் பெயர் போடாமல் எழுதச் சொன்னார். கூட்டத்தில் வாயே திறக்காதவர்கள்தான் நிறைய எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டில் வெளிச்சம் போதாது என்று இருந்தது, இன்னொன்றில் சோதனைக் குழாய் வைக்கும் தாங்கியின் மேல் சந்தேகம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றார் மேடம்.

பல்பை மாற்றினோம். தாங்கியை மாற்றினோம். ஒன்றும் அகப்படவில்லை, எனக்கு அலுத்தே போய்விட்டது. கடைசியில் ரத்தத்துக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய குழாய்களை எடுத்துக்கொண்டு, நானும் சீனியரும் முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். குழாயில் ஒட்டும் பெயர்ச் சீட்டு அச்சடிக்கும் இடத்தில் காகித உருளை தீர்ந்துவிட்டது. புது உருளை போட்டோம். இரண்டு பேருடைய சீட்டு அச்சாகக் காத்திருந்தது. பின்னால் பதிந்தவர் பெயர் முன்னால் வந்தது!

சீனியர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உருளையைக் கழற்றினோம், மறுபடி செய்தோம். மறுபடியும் அப்படியே வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை கலங்கியிருந்தது கண்ணாடி இல்லை, கண்.

உருளை தீர்ந்தால் நாங்கள் எல்லோரும் உன்னைத்தானே கூப்பிடுவோம், குருவி? எனக்கு அதை மாட்டவே வராது. அந்த ரிப்போர்ட் மாறிய அன்றைக்கும் வெளியே அவ்வளவு கூட்டத்தை வைத்துக்கொண்டு நீதான் மாட்டியிருப்பாய்.

ஒட்டுவதற்கு முன் பெயரை வாசித்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். உன்னைத் தெரியாதா எனக்கு? வாசித்திருக்கலாம்தான். சீனியரும் வாசித்திருக்கலாம். அதனால் இப்போது பரிசோதனைக்கு வருகிறவர்களையே சீட்டை வாசித்துச் சரிதானா என்று சொல்லச் சொல்கிறோம். அச்சு இயந்திரத்தையும் மாற்றியாகிவிட்டது. நடந்ததை எல்லோர் முன்னாலும் மேடம் நிர்வாகியிடம் விளக்கினார். நிர்வாகி உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். உன் வேலை உனக்காக இருக்கிறது. வருவதும் வராததும் உன் இஷ்டம், நான் பிடித்து இழுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் செய். உன் அக்கா எதிரில் உட்கார்ந்து, "தப்பு என்னோடது மட்டும் இல்லக்கா" என்று வாய்விட்டுச் சொல். சொல்லும்போது அழுகை வந்தால் அழுதுவிடு. அப்புறம் வயிறாரச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். போனை எடு, அது போதும். நீ ஒன்றும் பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன்.

என்றும் உன்,
பக்கத்து மேசைக்காரி