மணிக்கூண்டும் நான் விட்ட கதையும்

அன்புச் செல்லத்துக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் முட்டிவலியும் என்னோடு சேர்ந்து நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நான் நம்புகிறேன், அம்மா நம்பவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் அம்மா பிடுங்கித் தானே சொல்லி முடித்துவிடுவாள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சீசன் தொடங்கிவிட்டது. படகுக்கு நிற்கும் வரிசை ஏரியையே சுற்றி வருகிறது, ரோப் காரில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கண்ணை இறுக மூடிக்கொண்டே மலையைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். வழிகாட்டிகள் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்த நேரம் பார்த்து என் லைசென்ஸுக்கு வேட்டு வைக்க வந்தது மணிக்கூண்டு. அதன் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுமே, யாரும் கடைசி வண்டியைத் தவறவிடக் கூடாதென்று இந்த ஊரைக் கட்டிய இன்ஜினியர் வேண்டுமென்றே அப்படி வைத்தார் என்று நான் சொல்வேனே, அது நான் விட்ட கதை, மகளே. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு அம்மாள் ஏன் முந்தி ஓடுகிறது என்று கேட்டார், தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, இந்தக் கதையை அடித்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அது மற்ற வழிகாட்டிகளின் வாய்க்குப் போய் நகராட்சிப் பலகையிலும் ஏறிவிட்டது. போன வாரம் கடிகாரத்தைச் சரிசெய்ய மெக்கானிக் ஏணி போட்டதும், எங்க சரித்திரத்துல கை வைக்காதே என்று ஊரே திரண்டுவிட்டது. முன்வரிசையில் நின்று கத்தியது யார் என்கிறாய், உன் அம்மா!

மியூசியத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி அம்மாள் கூட்டம் போட்டு, இதுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். பொய் சொல்லும் வழிகாட்டிக்கு லைசென்ஸ் ரத்து. வாயைத் திறக்காமல் இருந்தால் பழி செத்துப்போன இன்ஜினியரோடு போயிருக்கும். மனசு கேட்கவில்லை, எழுந்து நின்று, நான் கட்டின கதைங்க என்றேன். அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே, மூன்று நாள் குழம்பில் உப்பில்லை. அதிகாரி பழைய குறிப்பேட்டைப் பிரித்துப் படித்தார், மலையேற்றி வரும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கடிகாரம் வண்டியிலிருந்து உருண்டு விழுந்ததாம், ரிப்பேர் செய்ய ஆளில்லாமல் அப்படியே மாட்டிவிட்டார்களாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, எனக்கு வயிற்றெரிச்சல், என் கதையைவிட இது நன்றாக இருக்கிறதே! நானே ஒப்புக்கொண்டதால் லைசென்ஸ் தப்பியது, ஆனால் ஒரு மாதம் அதிகாரி என் பின்னாலேயே வந்து நான் சொல்வதைக் கேட்பாராம். கடிகாரம் இப்போது சரியாக ஓடுகிறது, பாதி ஊர் பஸ்ஸைத் தவறவிடுகிறது.

நேற்று அதிகாரியோடு முதல் சுற்று. பூங்காவில் ஒரு பெரியவர், இந்தக் கல் சிங்கத்துக்கு ஏன் வால் இல்லை என்றார். ஒரு பெரிய யுத்தமே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, தெரியாதுங்க என்றேன். வானம் இடிந்து விழவில்லை. நாங்கள் மூவரும் குனிந்து சிங்கத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எத்தனை நிம்மதி தெரியுமா, இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே பாதி ஆயுசைக் கழித்திருக்கிறேன்.

ஆபீசில் புரியாததற்கெல்லாம் தலையாட்டிவிட்டு அறைக்கு வந்து நீ அழுவதாக உன் தோழி அம்மாவிடம் சொன்னாளாம். அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்ததுதான் கண்ணு, அப்பாவை மன்னித்துவிடு. நாளைக்கே தெரியாது என்று ஒருமுறை சொல்லிப் பார்.

நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. கம்பளியை வெயிலில் காயப்போட மறக்காதே.

இனிமேல் உண்மை மட்டுமே பேசப்போகும்
(இதைப் படித்து அம்மா சிரிக்கிறாள்)
உன் அப்பா