முள்ளுச் செடிக்கு மெத்தை

கண்ணு,

கோர்ட்டில் உனக்கும் என் மகனுக்கும் விவாகரத்து தீர்ப்பான பிறகு உன்னை மருமகள் என்று அழைக்கலாமா என்று தெரியவில்லை. அதனால் வாய்க்குப் பழகியபடியே எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன கள்ளிச்செடி விதைகளை மார்கழியில் விதைத்தேன். குளிருக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. பிறகு பரணில் உன் ஹீட் மேட், விதைக்குச் சூடு கொடுக்கும் அந்தக் கரண்ட் விரிப்பு, கிடைத்தது. அதை விதைத்தட்டுக்கு அடியில் விரித்து, தட்டைக் கண்ணாடிக் காகிதத்தால் மூடி வைத்தேன். பனியன் கம்பெனியிலிருந்து வந்ததும் மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடாக இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, முள்ளுச் செடிக்குப் போயி மெத்தை போட்டிருக்கீங்க?" என்று சிரித்தாள்.

"அது எம் மருமக மெத்தைங்க" என்றேன். சொன்ன பிறகு திருத்தத் தோன்றவில்லை.

தை பிறந்ததும் கடுகு கடுகாகப் பச்சை உருண்டைகள் எழும்பின. இப்போது பஞ்சு மாதிரி முள் வைத்திருக்கின்றன, தொட்டால் குத்தவில்லை. காலையில் டீயை எடுத்துக்கொண்டு அவற்றின் பக்கத்தில்தான் உட்காருகிறேன். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. செடிகளில் பாதியை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க மூலனூர் பஸ் ஏறலாம் என்றிருக்கிறேன். வேண்டாமென்றால் சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டேன்.

வந்தால், நான் மட்டும்தான் வருவேன்.

உன் அத்தை