எழுத முடியாத அக்கி

ஆவணி 12, வியாழன்

என் வீட்டுக்காரர் துபாய்க்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது. சொல்லக் கூசும் இடத்தில் எனக்குச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒன்றுக்குப் போனால் உயிர் போகிறது. திருவையாற்றில் லேடி டாக்டரைப் பார்க்கலாமென்றால் மாமியாரும் கூட வருவார்.

மாமியாரிடம் கொப்புளம் என்று மட்டும் சொன்னேன். "அக்கியா இருக்கும். குயவர் வீட்டுல போயி காவியால எழுதிக்கிட்டு வா, அமுங்கிடும்" என்றார். எந்த இடத்தைக் காட்டி எழுதச் சொல்வேன்? நடவு வயலில் பூச்சி கடித்துத் தடித்திருந்த கையைக் காட்டி எழுதிக்கொண்டு வந்தேன். கையெல்லாம் காவி. எரிச்சல் அங்கேயேதான் இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"எனக்கு அக்கி வந்திருக்குங்க" என்றேன்.

"யார்கிட்டயும் காட்டலையே?" என்றார்.

எங்கே வந்திருக்கிறது என்று கேட்கவே இல்லை.