தோர்ன்பி துரைக்கு என் கையெழுத்து இல்லை

சேவூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் பிரதீப்புக்கு அப்பா கன்னையன் எழுதுவது. நானும் உன் அம்மா பொன்னாத்தாளும் நலம். ஜோகன்னஸ்பர்க்கில் எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "சூப்பர்ப்பா" என்கிறாய். நான் அதை நம்புவதில்லை. அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய புத்தகமும் காகிதமும் வந்து சேர்ந்தன. உன் முதலாளியின் கொள்ளுத்தாத்தா தோர்ன்பி துரையின் வாழ்க்கை, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தபடி பெட்டி லேபிளில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டியவன் நான். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் முடித்தேன். வைரச் சுரங்கம் வாங்கியது, குதிரைப் படை நடத்தியது, சட்டசபைக்குப் போனது எல்லாம் இருக்கிறது. அவர் கொண்டுவந்த சட்டங்களுக்கு ஒரே வரி. குதிரைக்கு இரண்டு பக்கம். செக்கிங் செய்தவனுக்கு அங்கேயே கண் நின்றுவிடும்.

காகிதத்தில், "எங்கள் முன்னோர் வீரன், துரையின் சுரங்கத்தில் கண்ணியமாக நடத்தப்பட்டார், குடும்பமே நன்றி பாராட்டுகிறது" என்று இருக்கிறது. புத்தகத்தின் மறுபதிப்பில் போட, அதன் கீழே என் கையெழுத்து வேண்டுமாம். ஒரே வாரத்தில் மூன்று முறை ஏன் கேட்டாய்? "நன்றி பாராட்டுகிறது" என்பது வெள்ளைக்காரன் வாக்கியம் இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் நீ வாசித்த நன்றியுரை அப்படித்தான் முடிந்தது.

உன் அம்மா விடவில்லை. "ஏனுங்க, செத்து நூறு வருசமான மனுசனோட உங்களுக்கென்னங்க வம்பு? பையனுக்குப் பெரிய வேலை கெடைக்குதுன்னா போட்டுத் தொலைங்க" என்றாள். நானும் பேனாவை எடுத்தேன், உன்னிடம் அதை மறைக்கவில்லை.

இருநூற்று நாற்பதாம் பக்கத்துப் படம் என்னை நிறுத்திவிட்டது. சுரங்க வாசலில் ஆட்கள் வரிசையாக, வாயைத் திறந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நிற்கிறார்கள். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன். கீழே, "வீடு திரும்பும் மகிழ்ச்சியில் தொழிலாளர்கள்" என்று போட்டிருக்கிறது.

என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீரன், கொமரலிங்கத்திலிருந்து கப்பலேறி அந்தச் சுரங்க வேலைக்குப் போய்த் திரும்பியவர். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாசலில் நின்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போவார். அது அந்தச் சீமை மரியாதை என்று நினைத்தோம். என் அம்மா செய்தாள். நான் செய்தேன். கல்யாணமாகி வந்த உன் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தோம். கோவை விமான நிலையத்தில் நீயும் என் முன்னால் கையை விரித்துவிட்டுப் போனாய். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது வைரம் ஒளித்திருக்கிறானா என்று பார்த்த சோதனை, கண்ணு. அவருக்குப் பின் மூன்று தலைமுறையாக அதை மரியாதை என்று செய்துவந்திருக்கிறோம்.

கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தின் பின்பக்கம், அந்தப் படத்தில் நடப்பது என்ன என்று நாலு வரி எழுதி, அதன் கீழே மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேண்டுமானால் அதை அச்சடிக்கட்டும். துரையின் முகம் போட்ட டி-ஷர்ட் ஆர்டர் திருப்பூருக்கு வரும் என்றாய். வராமல் போகட்டும்.

உன் ஆபீஸ் வாசலில் உன்னையும் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்களா? எனக்கு மட்டும் எழுது, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இதனால் உன் வேலை போனாலும் போகலாம். தெரிந்துதான் செய்தேன். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், மகராசனாக இரு. அந்த ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் மட்டும் யார் வாசலிலும் கையை விரிக்காதே. இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வா.

உன் அப்பா,
கன்னையன்