செவ்வாய் ஊடும் சனி ஊடும்

அத்தை,

மாடிப்படிக்கு அடியில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த உங்கள் கட்டைப்பையை இன்று காலை எடுத்து உதறினேன். சுக்கு வாசனை வந்தது. நீங்கள் போய் இரண்டு தை கழிந்துவிட்டது. காரியம் முடிந்து, ஓமலூரில் உங்கள் சின்ன மகன் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியதோடு சரி, அந்தப் பையை யாரும் தொடவில்லை. ஜவுளிக்கடையின் பெயர் பாதி அழிந்து, ஒரு கைப்பிடியில் நீங்கள் பச்சை நூலால் போட்ட தையலோடு அப்படியே இருந்தது. இரண்டு மருமகள்களின் சுக்குப்பொடி மீதும் உங்களுக்கு நம்பிக்கை கிடையாது. நீங்களே இடித்துச் சலித்த பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, இந்தப் பையில்தான் புதுச்சத்திரத்திலிருந்து ஓமலூருக்குக் கொண்டுபோவீர்கள், மறுபடி கொண்டுவருவீர்கள்.

பையை எதற்கு எடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் செய்தி. இன்று செவ்வாய்க்கிழமை. ஆள் பிரித்தார்கள்.

மாமா தவறிய பிறகு உங்களுக்குத் தூக்கம் குறைந்துபோனது. கோழி கூப்பிடும் முன்பே எழுந்து, சத்தத்தை அடக்கி வைத்துத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருப்பீர்கள். நான் விடைத்தாள் கட்டோடு முன்னறைக்கு வருவேன். புள்ளியியல் விடைத்தாள் திருத்த அந்த நேரம்தான் எனக்கு அமைதி. திரையில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவில் திங்கள் இரவு நடக்கும் மல்யுத்தம் நமக்குச் செவ்வாய் விடிகாலையில் வரும். வெள்ளி இரவு நடப்பது சனி காலையில் வரும். குளிர்காலம் வந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். "அவங்க ஊருக் கடியாரத்துக்கு என்ன கேடு" என்று நீங்கள் முணுமுணுப்பீர்கள். தமிழில் வர்ணனை வந்தபோதும் நீங்கள் சத்தத்தைக் கூட்டவில்லை. நடப்பது கண்ணுக்குத் தெரிகிறதே, இவன் எதற்குக் கத்துகிறான் என்பது உங்கள் கேள்வி.

இதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த சண்டை என்று ஒரு நாள் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கூத்துல ராசா வேசம் கட்டறவன் ராசாவா அம்மணி? அதுக்குன்னு யாரும் பாக்காம எந்திரிச்சுப் போறாங்களா?"

பிறகு என் பிறந்த ஊரையும் இழுத்து, "தம்மம்பட்டிப் பக்கம் எல்லாரும் இப்படித்தான் வெடுக்குனு பேசுவீங்களாக்கும்" என்றீர்கள். கல்யாணமாகி அத்தனை வருடம் கழித்தும் என் பேச்சில் 'ங்க' சேரவில்லை என்ற குறை உங்களுக்கு உண்டு.

நான் விடைத்தாளை மூடி வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கியது அந்த வருடம் ஆள் பிரித்தபோதுதான். இது என்ன என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே மொதலாளி ஊடுதான். செவ்வாக்கெழம வர்றது ஒரு ஊடு, சனிக்கெழம வர்றது ஒரு ஊடு. வருசத்துக்கு ஒருக்கா பாகம் பிரிப்பாங்க. இங்க இருக்கறவன அங்க தூக்கிப் போடுவாங்க, அங்க இருக்கறவன இங்க. யாரு எங்க போவான்னு முன்னாடியே சொல்லோணும். அதுதான் ஆட்டம்."

அப்படிப் பிடித்துக்கொண்டது. எந்த நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் குறைந்திருக்கிறது, யாருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது, யார் படம் போட்ட பனியன் அதிகம் விற்கிறது என்று நான் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு, அதை வைத்துச் சொல்வேன். நீங்கள் யாருக்கும் யாருக்கும் ஆகவில்லை, ஒரே ஊட்டில் எத்தனை பேர் முறைத்துக்கொண்டு இருக்க முடியும் என்று பார்ப்பீர்கள். செம்பட்டைத் தலையன் ஒருவனை நீங்கள் வருடா வருடம் சனிக்கு அனுப்பினீர்கள். செவ்வாயில் அவனுக்கு மரியாதை இல்லையாம். அவன் ஒரு தடவையும் போகவில்லை. என் பனியன் கணக்கும் அப்படியொன்றும் வாழவில்லை. ஒரு வருடம் நீங்கள், ஒரு வருடம் நான் என்று ஓடியது. தோற்றவர் சுக்குமல்லிக் காப்பி வைக்க வேண்டும், நாட்டுச்சர்க்கரை போட்டு.

"ஒரு எம்மெஸ்ஸியும் ஒரு அஞ்சாங்கிளாசும் சேந்து குஸ்திக்காரனுக்குச் சோசியம் பாக்குதுங்க" என்று உங்கள் பெரிய மகன் குளியலறைக்குப் போகிற வழியில் சொல்வார். லாரி உதிரிபாகக் கடையைத் திறக்க அவர் நாமக்கல் கிளம்பும்வரை நாம் இருவரும் பேசிக்கொண்டிருப்பது அவருக்கு வியப்பு. எனக்கும்தான். நான் யாருடனும் அவ்வளவு பேசுகிறவள் இல்லை.

ஒரு வருடம் ஆடி மாதத்தில் ஆள் பிரித்தார்கள். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆகவே இந்தத் தடவை ஒன்றும் நடக்காது என்றீர்கள். அமெரிக்காவில் ஆடி கிடையாது என்றேன். சற்று யோசித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னீர்கள். புதிதாகக் கல்யாணமான அந்த ஜோடியை மட்டும் பிரிப்பார்கள். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது நடக்கிறதுதானே.

சொன்னபடியே நடந்தது. கணவனைச் சனிக்குத் தூக்கினார்கள், மனைவி செவ்வாயிலேயே நின்றாள். சனி நிகழ்ச்சியில் ஏற்கெனவே பெண் வீராங்கனைகள் அதிகம், அதனால் அவளை அனுப்பவில்லை என்று நான் விளக்கினேன். நீங்கள் கேட்கவில்லை. காப்பியை உறிஞ்சிக்கொண்டே நாலு வீடு தள்ளி இருந்தவர்களைக்கூடக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆவணி பிறந்தால் பெண்ணைக் கூட்டிவந்துவிடுவார்கள் என்று காத்திருந்தீர்கள். ஆவணி போனது. புரட்டாசி வந்தது. அவள் செவ்வாய்தோறும் தனியாகத்தான் மேடைக்கு வந்தாள்.

"கொண்டு போயி உட்டவங்க கூப்பிட வரவே இல்லியே. என்ன சனமுங்க இது."

அதைச் சொன்னபோது உங்களுக்கு உண்மையிலேயே கோபம். நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள், கொஞ்ச நேரம் கழித்து.

அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஆடுவார்களே, அவர்கள் விஷயத்தில் மட்டும் நீங்கள் விளையாட மாட்டீர்கள். மற்ற எல்லோரையும் பிரிக்கலாம், அவர்களைப் பிரிக்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னீர்கள். ஒவ்வொரு வருடமும் அது பலித்தது. பிறகு ஒரு வருடம் பிரித்துவிட்டார்கள். அண்ணன் செவ்வாய், தம்பி சனி. மேடையில் இருவருக்கும் வேறு வேறு நிறப் பனியனைத் தூக்கிப் போட்டார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்ட மாதிரி தெரியவில்லை.

அப்புறம் பட்டியல் முடியும்போது ஒரு பெயரை எந்தப் பக்கமும் சொல்லவில்லை. வயதான ஆள், முழங்காலில் கட்டுப் போட்டவன். அவன் எந்த வீடு என்று கேட்டீர்கள்.

"அவனை ரெண்டு பேரும் எடுக்கல அத்தை. ஆனா அவன் ரெண்டு இடத்துக்கும் போகலாம். எப்போ எங்க போகணும்னு அவனே முடிவு பண்ணுவான்" என்றேன்.

"பொது ஆளு" என்றீர்கள். "அப்பிடி ஒண்ணு இருக்கா?"

இருக்கிறது என்றேன். அன்று காப்பியை நீங்கள்தான் வைக்க வேண்டும். வைத்தீர்கள். சர்க்கரை அதிகமாகிவிட்டது.

உங்கள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஓமலூரிலிருந்து கொழுந்தன் அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தார். அம்மாவை எவ்வளவு நாள்தான் அண்ணனே வைத்துக்கொள்வது, ஊரில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். தைக்குத் தை ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று வைத்துக்கொள்ளலாமா, இல்லை அங்கேயே கூட்டிப்போய்விடட்டுமா என்று அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருவருக்கும் நீங்கள் வேண்டும். உங்களிடம் மட்டும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனும் அவர் மனைவியும் மாம்பழப் பெட்டியோடு வந்தார்கள். வருவதற்கு முன் சமையலறையில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்.

"அம்மணி, நானு எந்த ஊட்டுக்குப் போவேன்? சொல்லு பாக்கலாம்."

அத்தை, நான் அப்போதும் கணக்குத்தான் போட்டேன். ஓமலூர் வீட்டில் கீழேயே படுக்கையறை. ஆஸ்பத்திரி பக்கம். பகலில் வீட்டில் ஆள் இருப்பார்கள். இங்கே நாங்கள் இருவரும் காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும்போதுதான் திரும்புவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் சொன்னதற்கு நீங்கள் மறுத்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஓமலூர் என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாஞ் சொல்ல மாட்டேன். தோத்தாக் காப்பி, அவ்வளவுதான்."

சாப்பாடு முடிந்து, மாம்பழம் அறுத்து வைத்த பிறகு பேச்சு தொடங்கியது. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் நடுவில், நாற்காலியில். பேச்சு உங்கள் தலைக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தது. ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். மழைக்கு முன்னால் நல்லது என்றார் இன்னொருவர். நான் கதவோரம் நின்றிருந்தேன். நீங்கள் தலையாட்டிவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். மாம்பழத் தட்டை நகர்த்தி வைத்தீர்கள்.

"என்னைய ரெண்டு பக்கமும் சேக்காதீங்க சாமி. நாம் பொது ஆளு."

அவர்களுக்குப் புரியவில்லை. கொழுந்தன் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப எங்க ஊட்டுக்கு வர மாட்டீங்களாங்க அத்தை?"

"ஏன் வராம? வருவேன். இங்கயும் இருப்பேன். எப்பத் தோணுதோ அப்ப நானே வாரேன், நானே போறேன். காருல கொண்டாந்து உடறது, வந்து கூட்டிட்டுப் போறது, அந்தச் சோலியே வேண்டாம். பஸ்சு ஓடுதில்ல?"

பெரிய மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உடம்புக்கு ஒன்று என்றால் என்ன செய்வது என்று கொழுந்தன் கேட்டார். உடம்புக்கு வரும்போது எந்த ஊட்டில் இருக்கிறேனோ அந்த ஊட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்றீர்கள். பிறகு எழுந்து சமையலறைப் பக்கம் வந்தீர்கள். என்னைக் கடக்கும்போது சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"சுக்கு மேலத் தட்டுல இருக்குது."

நான் தோற்றதில் அவ்வளவு மகிழ்ச்சி அடைந்த நாள் வேறில்லை.

அதற்குப் பிறகு உங்களைக் கணிப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு வாரம் இருப்பீர்கள், ஒரு மாதம் இருப்பீர்கள். ஒரு காலையில் கட்டைப்பை ஆணியில் இருக்காது. புதுச்சத்திரத்தில் ஏறி, சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, ஓமலூர் வண்டி பிடித்து, உட்கார இடம் கிடைத்ததா இல்லையா என்பதை மட்டும் போனில் சொல்வீர்கள். செவ்வாய் இங்கே பார்த்தால் சனி அங்கே. கொழுந்தன் வீட்டில் விடிகாலையில் தொலைக்காட்சி ஓடத் தொடங்கியது அப்படித்தான். அவர் மனைவி, என் ஓரகத்தி, முதலில் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாளாம். பிறகு அவளும் எழுந்து வந்து உட்கார்ந்தாளாம்.

நீங்கள் போனது ஓமலூரில். கடைசி நேரத்தில் அம்மா தன் வீட்டில் இல்லையே என்று உங்கள் பெரிய மகன் சில நாள் சோர்ந்திருந்தார். அவருக்கு நான் ஆறுதலாக எதுவும் சொல்லத் தெரிந்தவள் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: அது யாரும் கொண்டுபோய் வைத்த இடம் இல்லை, அத்தையே பஸ் ஏறிப் போன இடம். அவர் தலையாட்டினார்.

இப்போது ஓரகத்தியும் நானும் போனில் பந்தயம் கட்டுகிறோம். அவள் என் வழியைப் பிடித்துக்கொண்டாள். பார்வையாளர் எண்ணிக்கை, பனியன் விற்பனை, எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறாள். இந்த வருடம் எல்லோரும் பேசியது அந்த அண்ணன் தம்பியைப் பற்றித்தான். தனித்தனியாக இருவருக்கும் நல்ல பெயர், சேர்த்தால் நட்டம், சேர்க்க மாட்டார்கள் என்றாள். கணக்குப்படி அவள் சொன்னது சரி. நான் சேர்ப்பார்கள் என்றேன். காரணம் கேட்டாள். காரணம் இல்லை என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததை அவள் நம்பவில்லை.

இன்று விடிகாலையில் தம்பியைச் செவ்வாய்க்கு எடுத்தார்கள், அத்தை. அண்ணன் மேடையின் ஓரத்தில் காத்துக்கொண்டு நின்றான். பேசிவைத்த நாடகம் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

உடனே போன் வந்தது. "தோத்துட்டேங்க அக்கா. காப்பி வெச்சுட்டேன். எப்பிடிக் குடிப்பீங்க, போன்லயா?"

ஓமலூருக்கு நான் விசேஷங்களுக்குத்தான் போயிருக்கிறேன். அதுவும் அவரோடு காரில். யாரும் அழைக்காமல் போனதே இல்லை. கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன். பையை உதறினேன். உங்கள் மகன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே என்றார். சொன்னேன். சாயங்காலம் கடையை எடுத்துவைத்துவிட்டு வந்து காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

"வேண்டாங்க. நானே போறேன்."

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். வண்டியைத் தள்ளி வழிவிட்டார்.

சேலம் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு புடவை, கண்ணாடிக் கூடு, பிறகு ஒரு பாட்டில் சுக்குப்பொடி. நேற்று நானே இடித்துச் சலித்தது. அவள் வைக்கிற பொடி மீது எனக்கும் நம்பிக்கை கிடையாது.